மகளின் பேனைப் பெட்டியும் நான் எழுதிய படிவமும்

போன கிழமை இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டு மூன்று பேர் செய்தி அனுப்பியிருந்தீர்கள். மூன்று பேருக்கும் நன்றி. கேட்காத மற்றவர்களுக்கு... பரவாயில்லை, வாசியுங்கள்.

வராததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பின்னேரம், மகள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து, அவள் மேசையில் விட்டுப்போயிருந்த பேனைப் பெட்டியைத் திறந்தேன். திருட்டுத்தனமாகத்தான். அறைக் கதவைச் சாத்தி, ஃபானையும் நிற்பாட்டிவிட்டு... ஃபானை எதற்கு நிற்பாட்டினேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளே மூன்று பேனை, ஓர் அடிமட்டம், கால் உடைந்த கவராயம். எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்த சின்னக் கடதாசிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தேன். மண்ணிறத்தில் தூள்.

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

மகளை உங்களில் பலருக்குத் தெரியும். ஜெனி. இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து என்னைக் கேலி செய்துவிட்டுப் போகிறவள். இப்போது பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய பெட்டிக்குள் தூளா? அதுவும் நானே ஊரைக் கூட்டிப் போதைவஸ்துக்கு எதிராகப் பேசிய அதே மாதத்திலா?

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

எல்லாம் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில்தான் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்பதுதான் பேச்சு. வழக்கமாக எங்கள் கூட்டங்களுக்குப் பதினைந்து பேர் வருவார்கள். அதில் பத்துப் பேர் பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பார்கள். அன்றைக்கு மண்டபத்தில் கதிரை போதவில்லை.

போதாதுதான். மன்னாரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் கரையில் மீன் மட்டுமா வந்து இறங்குகிறது? கீரிக் கடற்கரையில் காலையில் நடக்கப் போகிற நாங்கள், ஒதுங்கிக் கிடக்கிற பொதி ஏதாவது கண்ணில் பட்டால், அப்படியே திரும்பி மற்றப் பக்கம் நடக்கப் பழகிவிட்டோம். பொதி கரையோடு நின்றால் பரவாயில்லை. அது பள்ளிக்கூட மதில்வரை வந்துவிட்டது என்பதுதான் பயம்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்திருந்த றிஸ்மியா எழும்பிப் பேசினார். அவருடைய மகளும் ஜெனியின் பாடசாலைதான். தன் அக்காவின் மகனைப் பற்றிச் சொன்னார். நல்லாகப் படித்த பிள்ளை. இப்போது புனர்வாழ்வு நிலையத்தில் இருக்கிறான்.

"வீட்டுக்குப் பொலிஸ் வந்த நாள்தான் எங்களுக்கே தெரியும். ஒரு வருசத்துக்கு முந்தி ஆராச்சும் சோதிச்சுச் சொல்லியிருந்தா, எங்கட ராத்தா இண்டைக்கு இப்பிடி இருக்கமாட்டா."

அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது றிஸ்மியாவின் குரல் உடைந்துவிட்டது.

பிறகு பெரியமடுவிலிருந்து வந்த கந்தசாமி அண்ணை எழும்பினார். வயல் செய்கிறவர். மகளை இங்கே தங்கையின் வீட்டில் விட்டுப் படிப்பிக்கிறார். கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர்.

"எங்களை அந்தச் சண்டைக் காலத்தில பஸ்ஸால இறக்கி இறக்கிச் செக் பண்ணினது காணாதோ? பையைத் திற, சேட்டைத் தூக்கு எண்டு... இப்ப எங்கட பிள்ளையளை நாங்களே வரிசையில விடப் போறமோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா? இருந்தது. நான் விட்டேனா? இல்லை. எழும்பினேன்.

"அது வேற, இது வேற அண்ணை. ஒண்டும் ஒளிக்காத பிள்ளைக்கு என்ன பயம்?"

கைதட்டல்! நாலு வரிசை தாண்டியும் கைதட்டல். என்ன வேற என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லவேளை, எனக்கும் பதில் தெரிந்திருக்காது. கைதட்டலுக்குப் பிறகு மனிதருக்கு மூளை வேலை செய்வதில்லை என்பது என் அனுபவம். அந்த உற்சாகத்தில், சம்மதப் படிவத்தை நானே எழுதித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

படிவம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. கந்தோரில் இருபது வருடத்துக்கு மேலாக அதுதானே வேலை. காணிக்கு, கொடுப்பனவுக்கு, வெள்ள நிவாரணத்துக்கு, நிவாரணம் கிடைக்கவில்லை என்று முறையிடுவதற்கு... எல்லாவற்றுக்கும் படிவம் எழுதியிருக்கிறேன். இந்தப் படிவத்தில் ஏழு கேள்வி வைத்தேன். எனக்கு அதிகம் பெருமை தந்தது ஐந்தாவது: 'மாணவர் தற்போது ஏதேனும் மருந்து பாவிப்பவராயின் மருந்தின் பெயரையும் நோயையும் குறிப்பிடுக.'

எவ்வளவு நியாயமான கேள்வி பாருங்கள்! சில மருந்துகள் பரிசோதனையில் போதைப்பொருள்போலக் காட்டிவிடுமாம். இருமலுக்குப் பாணி குடித்த பிள்ளை அநியாயத்துக்கு மாட்டுப்படக் கூடாது அல்லவா? எழுதிவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன். கீழே, கூட்டத்தின் விருப்பப்படி ஒரு வரியும் சேர்த்தேன். சம்மதம் தெரிவிக்காதவர்களின் பெயர்கள் தனியாகப் பாடசாலை அதிபரிடம் ஒப்படைக்கப்படும்.

பெற்றோர் ஒரு கையெழுத்து, மாணவர் ஒரு கையெழுத்து. பரிசோதனைக்கு இரண்டு கிழமை இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஜெனி பாடசாலையால் வந்து, படிவத்தை மேசையில் வைத்தாள்.

"அம்மா, நான் இதில கையெழுத்து வைக்கமாட்டன்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. என்னுடைய படிவத்தில், என்னுடைய மகள்!

"ஏன்?"

"விருப்பமில்லை."

"விருப்பமில்லையெண்டால்? என்ன காரணம்?"

"காரணம் இருக்கு. சொல்ல ஏலாது. விடுங்கோம்மா."

விடுவதா? ஒரு தாய்க்கு 'சொல்ல ஏலாது' என்பதைவிடப் பயங்கரமான சொல் இருக்கிறதா? அன்று இரவு எனக்கு நித்திரை போய்விட்டது. கூட்டத்தில் எங்களுக்குத் துண்டுப்பிரசுரம் ஒன்று தந்திருந்தார்கள். போதைக்கு ஆளானவரின் அறிகுறிகளாம். தனிமையை விரும்புதல், எரிச்சல், கண் சிவத்தல், பசியில் மாற்றம், கைபேசியை மறைத்தல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமை. ஜெனிக்கு ஆறும் பொருந்தியது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு நாலு பொருந்தியதே, அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் பேனைப் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

இனி, அந்தத் தூள்.

பொட்டலத்தை அப்படியே மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டுக்காரர் படகு எஞ்சின் திருத்துகிறவர். கரையோரத்தில் அவருடைய வேலைத்தலம். வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தின் நடுவில் ஒரு சந்தி. சந்தியில் பொலிஸ்.

தினமும் நான் போய் வருகிற பாதைதான். அங்கே நிற்கிற இளம் பொலிஸ்காரருக்கு என்னைத் தெரியும். அவர் தமிழ் பழகுகிறார். பழகுவதற்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். அன்றைக்கும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மிஸ், எங்க போறது? நிறைய வேர்க்குது. சுகம் இல்லையா?"

"வெயில்..." என்றேன். மழை இருட்டிக்கொண்டிருந்தது.

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "தண்ணி குடிக்கிறது நல்லம் மிஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்கூட்டி ஓட்டிப் போன ஒருத்தியை அவர் ஏன் விட்டார்? அரச கந்தோர்ப் பெண்மணிமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் கால்வாசி எனக்கு என் மகளிடம் இருந்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

வேலைத்தலத்தில் வீட்டுக்காரர் ஓர் எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். ஒயில் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். பிரித்தார். மணந்து பார்த்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஐயோ, என்ர மாதாவே!" என்று கத்திவிட்டேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாதாதான்," என்றார் அவர் ஆறுதலாக. "அவட மண்தான் இது. ஏன் இப்பிடிக் கத்துறீர்?"

"என்ன மண்?"

"மடு மண். ஓ.எல். சோதனைக்குப் போகேக்க நீர்தானே பிள்ளையின்ர பெட்டிக்குள்ள மடிச்சு வைச்சு விட்டனீர்? மறந்துபோச்சோ?"

கத்தோலிக்க வீடுகளில் புழங்காதவர்களுக்காக ஒரு சொல். மடுக்கோயில் மண்ணை நாங்கள் வீட்டில் வைத்திருப்போம். பாம்பு கடித்தாலும், காய்ச்சல் விடாவிட்டாலும், பிள்ளை சோதனைக்குப் போனாலும் அதுதான் முதல் உதவி. எங்கள் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில், ஒரு போத்தல் எப்போதும் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, என் கையாலேயே நாலாக மடித்து, செபம் சொல்லி மகளின் பெட்டிக்குள் வைத்தவள் நான். வைத்த மண்ணைத்தான் போதைத்தூள் என்று பொலிசைத் தாண்டிக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். எஞ்சினைப் பார்த்தும் சிரித்தார். கடலைப் பார்த்தும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. மாதாவின் மண்ணைச் சந்தேகித்ததற்காக அல்ல, அவர் மன்னித்துவிடுவார். அந்த மண்ணை இரண்டு வருடமாகப் பத்திரமாகக் கொண்டு திரிகிற பிள்ளையைச் சந்தேகித்ததற்காக.

ஓடிவந்து பொட்டலத்தைத் திரும்ப வைத்தேன். எல்லாம் பழையபடி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் ஆறு மணிக்கு ஜெனி பெட்டியோடு குசினிக்குள் வந்தாள்.

"பேனைப் பெட்டியைத் திறந்தனீங்களோ?"

"இ... இல்லையே."

"மண் நாலா மடிச்சிருந்தது. இப்ப மூண்டா மடிச்சிருக்கு. அதோட ஒயில் மணக்குது."

கந்தோரில் இருபது வருடம் கடதாசி மடித்தவள் நான்! அடுப்பைக் குறைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும். பொலிஸ்காரரையும் சேர்த்து. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே அம்மா."

"கேட்டனான்தானே?"

"நீங்கள் கேக்கேல்லை. விசாரிச்சனீங்கள்."

தேங்காயும் துருவலையுமாகக் கீழே இருந்தேன். அவளும் பக்கத்தில் வந்து குந்தினாள். பிறகு கேட்டாள்.

"அந்த அஞ்சாவது கேள்வியை ஆர் எழுதினது?"

"நான்தான்." அந்த நிலைமையிலும் குரலில் ஒரு சின்னப் பெருமை வந்துவிட்டது. என்ன செய்வது!

"போமை வகுப்பில எப்பிடிச் சேர்ப்பினம் எண்டு தெரியுமோ உங்களுக்கு? ரீச்சர் வந்து வந்து வாங்கமாட்டா. கடைசி வாங்கில இருந்து முன்னுக்கு அனுப்பச் சொல்லுவா. ஒவ்வொரு வாங்காக் கைமாறி வரும். முன் வாங்குக்கு வாறதுக்கிடையில எல்லாரும் எல்லாரின்ரயையும் வாசிச்சு முடிச்சிருப்பினம்."

எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். எங்கள் காலத்தில் எந்தப் பிள்ளையின் தகப்பன் என்ன தொழில், யாருக்கு எத்தனை சகோதரம் என்பதெல்லாம் படிவம் கைமாறும்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இன்றும் அதுதான் நடைமுறை. ஐந்தாவது கேள்வியை எழுதும்போது பிள்ளைகள் வரிசையாக இருக்கிற அந்த வாங்குகள் என் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

ஜெனிக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். அவளுக்கு ஒரு வருத்தம், நாள்பட்ட நோய். ஒவ்வொரு நாளும் குளிசை போட வேண்டும். போட்டால் நம் எல்லோரையும்போல ஓடித் திரியலாம், ஒருவருக்கும் தெரியாது. போடாவிட்டால் ஆபத்து. அந்த வருத்தத்தின் பெயர் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வரும் என்று, வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல அதை வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஜெனிக்கு மட்டும்தான் தெரியும்.

என்ன வருத்தம், என்ன குளிசை என்று எழுதமாட்டேன். ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். உங்களில் சிலர் இப்போதே வகுப்புப் பட்டியலை மனதுக்குள் ஓட்டத் தொடங்கியிருப்பீர்கள், எனக்குத் தெரியும், தயவுசெய்து நிற்பாட்டுங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கோ அன்ரி, ஆனா என்னை வடிவான பிள்ளையா எழுதுங்கோ" என்றாள். வடிவான பிள்ளைதான். பொய் எழுதத் தேவைப்படவில்லை.

"அவள் உண்மையை எழுதினால் வகுப்பு முழுக்க வாசிக்கும்," என்றாள் ஜெனி. "எழுதாட்டில் ரெஸ்ற்றில காட்டுமோ எண்டு பயம். கையெழுத்தே வைக்காட்டில், பேர் அதிபரிட்டப் போகும், தூள் குடிக்கிறவள் எண்டு கதைப்பினம். அதால இப்ப அவள் என்ன செய்யப் போறாள் தெரியுமோ? வாற ஞாயிற்றுக்கிழமையில இருந்து குளிசையை நிப்பாட்டப் போறாளாம். ரெஸ்ற் முடியுமட்டும்."

"நிப்பாட்டினால்?"

"பத்தாம் வகுப்பில ஒருக்கா நிப்பாட்டிப் பாத்தவள். நாலு நாள் ஆசுப்பத்திரியில." ஜெனியின் கண் நிறைந்துவிட்டது. "நானும் கையெழுத்து வைக்கேல்லையெண்டால் அவள் தனிய நிக்கத் தேவையில்லை. அதுதான் வைக்கேல்லை. சொல்லமாட்டன் எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணினனான். இப்ப அதையும் முறிச்சுப் போட்டன்."

வாசகர்களே, நான் அழுதேன். தேங்காய் துருவுகிறபோது அழுகிற முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். என் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தது, என்னை நினைத்தால் கோபமாகவும் இருந்தது. ஒரு பிள்ளையைப் போதையிலிருந்து காப்பாற்ற எழுதிய கேள்வி, இன்னொரு பிள்ளையை ஆசுப்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறது. எழுதியது யார்? கைவந்த கலைக்காரி!

உடனே அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தோம். நான் பேசினேன். குளிசையை மட்டும் விடாதே என்று கெஞ்சினேன். தாயிடம் சொல்லுவேன் என்று மிரட்டியும் பார்த்தேன்.

"அம்மாட்டச் சொன்னால் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போடுவா அன்ரி."

"அப்ப குளிசை?"

"பாப்பம் அன்ரி..."

பாப்பம்! எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கடன் கேட்டவருக்கும் இதைத்தான் சொல்வோம், வரமாட்டோம் என்று தெரிந்த கலியாண வீட்டுக்கும் இதைத்தான் சொல்வோம். செவ்வாய் இரவு. ஞாயிறுக்கு ஐந்து நாள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருந்தது. அதுவரைக்கும் பொறு, அதற்குப் பிறகு நான் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அதிபரிடம் போனேன். பொறுமையான மனிதர். கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் அந்தப் பிள்ளை எண்டு சொல்லுறியளோ மிஸ்?"

"இல்லை சேர்."

"ஆரெண்டு தெரியாமல் நான் எப்பிடி உதவி செய்யிறது?"

"ஆரெண்டு தெரியாமல் செய்யிற உதவிதான் சேர் தேவை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டம் கைதட்டி நிறைவேற்றின விசயம். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டனீங்கள். நீங்கள் எழுதின போமை நீங்களே வந்து கிழிக்கச் சொல்லுறியள். கூட்டத்தில வைச்சுச் சொல்லுங்கோ, பாப்பம்."

இன்னொரு பாப்பம்.

சனிக்கிழமை. அதே மண்டபம், அதே கதிரைகள். முதல் கூட்டத்தில் எனக்குக் கைதட்டிய அதே ஆட்கள். இந்த முறை பேச்சை எழுதிக்கொண்டு போயிருந்தேன், ஆனால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன்.

"நான் எழுதின போம் பிழை. அஞ்சாவது கேள்விக்கு உண்மையா மறுமொழி எழுதுற பிள்ளையின்ர வருத்தத்தை வகுப்பு முழுக்க வாசிக்கும். எழுதாட்டில் பிள்ளை கள்ளியாகும். அதைத் திரும்ப எடுக்கவேணும். நான் கையெழுத்து வைக்கேல்லை. என்ர மகளும் வைக்கேல்லை."

மண்டபத்தில் ஓர் அமைதி. எனக்குத் தெரிந்த அமைதிதான் அது. எல்லோரும் மனதுக்குள் கணக்குப் பார்க்கிறபோது வருகிற அமைதி. ஓஹோ... அவவின்ர மகளோ? எழுத்துக்காரியின்ர மகளோ? கண்கள் மெதுவாக ஒன்றையொன்று தேடின. ஒரு பிள்ளையின் பெயரைக் காப்பாற்றப் போய் என் பிள்ளையின் பெயரை நடுவில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெனியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். "சொல்லுங்கோ அம்மா, எனக்குப் பரவாயில்லை" என்றுதான் அனுப்பியிருந்தாள்.

றிஸ்மியா எழும்பினார்.

"ஒண்டும் ஒளிக்காத பிள்ளைக்கு என்ன பயமெண்டு நீங்கதானே கேட்டீங்க?"

கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"ஓம், நான்தான் கேட்டனான். யோசிக்காமல் கேட்டுட்டன். ஒவ்வொரு வீட்டிலயும் வெளியில சொல்லாத ஒண்டு இருக்கும் றிஸ்மியா. எல்லாம் போதைவஸ்து இல்லை. உங்கட ராத்தாவின்ர மகன்ர விசயத்தை நீங்கள் இந்த மண்டபத்தில சொன்னது உங்கட விருப்பத்தில. ஆரும் போமில எழுதச் சொல்லி வாங்கில அனுப்பேல்லை."

றிஸ்மியா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஊரில அதைச் சொல்லவே எங்களுக்கு ஒரு வருசம் போச்சு... ஆனா எனக்குச் சோதனை வேணும். அதில மாத்தமில்லை. இந்தப் போம் வேணாம். மருந்து விசயத்தை டொக்டரிட்ட மட்டும் சொல்ற மாதிரி, மூடின கவர்ல குடுக்கிற மாதிரி ஒண்டு செய்யுங்க. அதுவரைக்கும் நிப்பாட்டி வையுங்க."

அதிபர் கை உயர்த்தச் சொன்னார். முதல் கை கந்தசாமி அண்ணையுடையது. இரண்டு கையையும் உயர்த்தியிருந்தார். ஒரு கை போதும் என்று அதிபர் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது றிஸ்மியா. பிறகு மெல்ல மெல்லப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. படிவம் வாபஸ். வைத்திய அதிகாரி ஒருவர் வந்து விளக்கம் தருமட்டும் பரிசோதனையும் தள்ளிவைப்பு.

பிள்ளைகளைச் சோதிக்கலாமா, கூடாதா? அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. றிஸ்மியா பேசும்போது வேண்டும் என்று படுகிறது, கந்தசாமி அண்ணை பேசும்போது வேண்டாம் என்று படுகிறது. பத்தி எழுதுகிறவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு முடிவு இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? என் பழைய முடிவு என்ன செய்யப் பார்த்தது என்று இப்போதுதானே வாசித்தீர்கள்.

கூட்டம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு முடிந்தது. பின்னேரத்துக்கிடையில் எங்கள் கீரிக் கிராமம் முழுவதற்கும் செய்தி எட்டிவிட்டது. எட்டிய செய்தி என்ன? 'ஜெனி மாட்டுப்பட்டிட்டாள், தாய் போய்க் கூட்டத்தையே குழப்பி மறைச்சுப் போட்டா.' வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் போடாமல் எனக்குப் புத்திமதி சொல்லும் குரல்பதிவுகள் வந்தன. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பக்கத்து ஒழுங்கை மேரி அக்கா ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை. உனக்காக நான் நேர்த்தி ஒண்டு வைக்கிறன்."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஜெனி என் கையை அமத்தினாள்.

"வையுங்கோ அன்ரி," என்றாள் பவ்வியமாக. "எனக்குக் கெமிஸ்ற்றிதான் கஷ்டமா இருக்கு."

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. படிவம் வாபஸ், பரிசோதனை இல்லை, எல்லாம் சரிதான். ஆனால் ஜெனியின் சிநேகிதியுடைய பயம் ஒரு தீர்மானத்தோடு அடங்கிவிடுமா? 'குளிசை போட்டனியோ, அம்மா சாப்பிடாமல் இருக்கிறா' என்று ஜெனி அவளுக்குச் செய்தி அனுப்பி மதியமாகியும் பதில் இல்லை. மூன்று மணிக்கு, அவர்கள் வீட்டுக்குப் போவதென்று சேலையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டித் திறப்பைத் தேடினேன். வீட்டுக்காரர் திறப்பை ஒளித்துவைத்துவிட்டு, "நீர் போய் நிண்டால் தாய்க்கு எல்லாம் தெரிஞ்சுபோகும், இன்னும் ஒரு மணித்தியாலம் பொறும்" என்றார். நான் ஏசினேன். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்றே முக்காலுக்கு ஜெனியின் போன் சத்தம் போட்டது. அவள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

'இப்பதான் சார்ஜ் போட்டனான். குளிசை காலமையே போட்டிட்டன். அன்ரியைச் சாப்பிடச் சொல்லு.'

ஊர் என் மகளைப் பற்றித் தாராளமாகக் கதைக்கட்டும் — மற்றப் பிள்ளை குளிசையைப் போட்டுவிட்டாள்.